நரம்புத் தளர்ச்சிக்கு 48 நாளா? கணவாய் மீனைக் கேளுங்கள்!

எங்கள் ஊர்ப் பக்கம் வந்து 'கணவாய்' என்று சொன்னால் பத்துப் பேரில் ஒன்பது பேர் மேற்கே கையை நீட்டுவார்கள். ஆரியங்காவுக் கணவாய்! பாவூர்சத்திரம் சந்தையில் லாரி ஏற்றுகிற கத்தரிக்காயும் வெண்டைக்காயும் தென்காசி, செங்கோட்டை தாண்டி அந்த மலை இடுக்கு வழியாகத்தான் கேரளாவுக்குப் போகின்றன. பத்தாவது ஆள் தூத்துக்குடிக்குப் பெண் கொடுத்தவராக இருப்பார். அவருக்கு மட்டும் மீன் ஞாபகம் வரும்!

நான் சொல்ல வந்தது அந்த மீனைப் பற்றித்தான். 'சித்த வைத்தியருக்குக் கணவாய் மீனிடம் என்ன ஜோலி?' என்று கேட்பீர்கள். இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று வெள்ளை வெளேரென ஒரு சரக்கு கிடைக்கும், பார்த்திருப்பீர்கள். பெயரைக் கேட்டுவிட்டு, கடல் நுரைதான் காய்ந்து கட்டியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அது ஓட்டுக் கணவாயின் உடம்புக்குள் இருக்கும் ஓடு. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்திலிருந்தே எனக்கு அதனோடு பழக்கம்.

இன்றைக்குப் பேசப் போவது அதன் உறவுக்காரரான ஊசிக் கணவாயைப் பற்றி. அதுவும் அதன் நரம்பைப் பற்றி. உங்கள் வீட்டுப் பெரியவரின் கால் மதமதப்புக்கும் அந்த நரம்புக்கும் சம்பந்தம் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் 'நரம்புத் தளர்ச்சியா? 48 நாளில் குணம்!' என்ற நோட்டீசுக்கும் சம்பந்தம் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்!

"வைத்தியரய்யா, காலு ரெண்டும் எறும்பு ஊறுத மாதிரி இருக்கு. செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரிய மாட்டேங்கு. நரம்புத் தளர்ச்சியா இருக்குமோ?"

இது பலசரக்குக் கடை அண்ணாச்சி.

"ராத்திரி ஆனா பெருவிரலும் அடுத்த ரெண்டு விரலும் மரத்துப் போயிருது. கையை உதறினாத்தான் சரியாகுது. நரம்புத் தளர்ச்சின்னு டானிக் வாங்கித் தந்தாவ..."

இது வருஷக்கணக்காகப் பீடி சுற்றும் அக்கா.

"பையன் பரீட்சை நேரத்துல கை நடுங்குதுங்கான். நரம்புத் தளர்ச்சிக்கு ஏதும் லேகியம் கொடுங்களேன்!"

இது ஒரு தாயார்.

மூன்று பேருக்கும் ஒரே பெயர். ஆனால் நோய் ஒன்றா? அண்ணாச்சிக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. அக்காவுக்கு மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது. பையனுக்குப் பயம், இல்லையென்றால் தைராய்டு பார்க்க வேண்டும். மூன்று பேரும் ஒரே பாட்டில் டானிக்கைக் குடித்தால் என்ன ஆகும்? கடைக்காரருக்கு மட்டும் குணமாகும்!

நான் பச்சையாகவே சொல்லிவிடுகிறேன். 'நரம்புத் தளர்ச்சி' என்ற பெயரை நோயின் பெயராகச் சொல்வதைச் சித்த வைத்தியர்களாகிய நாங்கள் நிறுத்த வேண்டும். எங்கள் நூல்கள்கூட இப்படி ஒரே சாக்கில் எல்லாவற்றையும் போட்டுக் கட்டவில்லை. யூகி முனிவர் வாத நோய்களை மட்டுமே 80 வகையாகப் பிரித்தார். எண்பதாகப் பிரித்தவருடைய வாரிசுகள் எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஒரு பாட்டிலில் அடைக்கலாமா?

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குத்தான் கணவாய் மீன் சாட்சி.

பென்சில் முனை கனத்தில் ஒரு நரம்பு

மனித உடம்பில் ஒற்றை நரம்பு இழை எவ்வளவு கனம் தெரியுமா? மிகத் தடித்ததே ஒரு மில்லி மீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். கண்ணுக்குத் தெரியாது. அதற்குள் ஊசி விட்டுப் பார்ப்பது எப்படி? ஆராய்ச்சியாளர்கள் கையைப் பிசைந்து கொண்டிருந்தார்கள்.

1930களில் ஜே.இஸட். யங் என்ற ஆங்கில விலங்கியல் அறிஞர் கணவாய் மீனின் உடம்பில் ஓர் அதிசயத்தைக் காட்டினார். ஆபத்து வந்தால் கணவாய் தன் உடம்புக் கூட்டைச் சுருக்கி, தண்ணீரைப் பீய்ச்சி, பின்பக்கமாகப் பாய்ந்து தப்பிக்கும். அந்த உத்தரவு மின்னல் வேகத்தில் போக வேண்டும் அல்லவா? அதற்காக இயற்கை அதற்கு ஒரு மில்லி மீட்டர் வரை கனமுள்ள நரம்பு இழையைக் கொடுத்திருக்கிறது. நம்முடைய தடித்த இழையைவிட ஐம்பது மடங்கு. வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்!

ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 1939ல் பிளைமவுத் கடற்கரை ஆய்வுக்கூடத்தில் அந்த இழைக்குள்ளேயே மெல்லிய கண்ணாடிக் குழாயைச் செருகி, நரம்பில் மின்சாரம் ஓடுவதை உள்ளிருந்து அளந்தார்கள். இடையில் உலகப் போர் வந்தது. போருக்குப் பிறகு தொடர்ந்து, 1952ல் முழுக் கணக்கையும் வெளியிட்டார்கள். 1963ல் நோபல் பரிசு. பல் டாக்டர் ஊசி போட்டதும் தாடை ஏன் மரத்துப் போகிறது என்பதைப் புரிந்துகொள்வதற்கு அஸ்திவாரம் அங்கேதான் போடப்பட்டது.

'மீன் நரம்பைப் போய் ஆராய்கிறானாம், வேலையத்தவன்' என்று அன்றைக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். அடுத்த முறை பல் பிடுங்கும்போது அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்!

கோடி வீட்டுக்குச் சாப்பாடு எப்படிப் போகிறது?

மின்சாரம் ஓடுவது சரி. நரம்பு உயிருள்ள பொருள். அதற்குத் தீனி வேண்டாமா?

ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் கால் பெருவிரலை அசைக்கும் நரம்பின் தலைமை வீடு, அதாவது நரம்பு செல், முதுகுத் தண்டின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. அங்கிருந்து ஒரே இழையாகப் பாதம் வரை வருகிறது. ஏறக்குறைய ஒரு மீட்டர். தலைமை வீடோ ஒரு மில்லி மீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். அந்த வீட்டைப் பாவூர்சத்திரத்தில் உள்ள 10 மீட்டர் அகல வீடாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இழை எவ்வளவு தூரம் போகும்? 200 கிலோ மீட்டர்! கணவாயைத் தாண்டி, புனலூர், கோட்டயம் தாண்டி ஏறக்குறைய கொச்சி வரை. அந்தக் கோடியில்தான் நரம்பு முடிகிறது. அங்கேதான் தசையைத் தொட்டு வேலை வாங்குகிறது.

அந்தக் கோடிக்குப் புரதச் சரக்கு போக இரண்டு வண்டிகள் உண்டு. ஒன்று அவசர வண்டி. நாளுக்கு 400 மில்லி மீட்டர் வரை ஓடும். இன்னொன்று சரக்கு வண்டி. அதில் ஏறும் பல புரதங்கள் நாளுக்கு ஒன்றிரண்டு மில்லி மீட்டர்தான் நகரும். ஒரு நாளைக்கு ஒரு மில்லி மீட்டர் என்றால் ஒரு மீட்டர் போக 1,000 நாள். இரண்டே முக்கால் வருஷம்! இங்கே ஏற்றிய கத்தரிக்காய் இரண்டே முக்கால் வருஷம் கழித்துக் கொச்சி போய்ச் சேர்ந்தால் எப்படி இருக்கும்?

அப்படியானால் கோடியில் இருக்கும் நரம்பு முனை அன்றாடம் எப்படிப் பிழைக்கிறது?

இங்கேதான் நம் கணவாய் மீண்டும் வருகிறது. அதன் தடித்த இழையைப் பேஸ்ட் டியூபைப் பிதுக்குவதுபோலப் பிதுக்கி, உள்ளே இருக்கும் கூழைத் தனியாக எடுக்கலாம். பெரும்பாலான பிராணிகளில் இவ்வளவு சுலபமாக முடியாது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து விஞ்ஞானி அந்தோனியோ ஜூதித்தாவும் அவர் கூட்டாளிகளும் 1968ல், தலைமை வீட்டிலிருந்து வெட்டித் தனியே எடுத்த கணவாய் நரம்பு இழையிலும் புதிதாகப் புரதம் தயாராகிறது என்று காட்டினார்கள். 'நரம்பு இழை தானாகப் புரதம் செய்யாது, எல்லாம் தலைமை வீட்டிலிருந்துதான் வர வேண்டும்' என்று பாடப் புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. லேசில் ஒப்புக்கொள்வார்களா? பக்கத்தில் ஒட்டியிருக்கும் செல்கள் செய்து கொடுத்திருக்கும் என்றார்கள்.

அவர்கள் விடவில்லை. 1990களில் ஜூதித்தாவும் அமெரிக்காவின் பேரி கப்லானும் மற்றவர்களும் கணவாய் மூளையில் பார்வைக்கான பகுதியிலிருந்து நரம்பு முனைகளை மட்டும் பிரித்தெடுத்தார்கள். அந்த முனைகளுக்குள்ளேயே புரதம் செய்யும் பட்டறைகள் சுறுசுறுப்பாக வேலை பார்ப்பது தெரிந்தது. கோடி வீட்டிலேயே தனியாக அடுப்பு எரிகிறது!

கல்யாண சமையலும் சீட்டும்

கொச்சியில் கல்யாணம் என்றால் பாவூர்சத்திரத்திலிருந்து சாம்பாரைத் தூக்குச் சட்டியில் கொண்டு போவீர்களா? ஊசிப் போய்விடும். என்ன செய்வோம்? பட்டியல் சீட்டை எழுதிக் கொடுத்து அனுப்புவோம். அங்கே இருக்கும் சமையல்காரர் சீட்டைப் பார்த்து அங்கேயே ஆக்கிவிடுவார்.

நரம்பு செய்வதும் இதேதான். தலைமை வீட்டில் டி.என்.ஏ. என்ற பெரிய சமையல் புத்தகம் இருக்கிறது. அதை வெளியே எடுக்க முடியாது. வேண்டிய பக்கத்தை மட்டும் சீட்டில் எழுதி அனுப்புகிறது. அந்தச் சீட்டுதான் ஆர்.என்.ஏ.

சீட்டைச் சும்மா காற்றில் விட்டால் என்ன ஆகும்? வழியிலேயே கிழிந்துபோகும். இல்லாவிட்டால் பாதி வழியில் எவனாவது பிரித்துப் படித்து, செங்கோட்டையிலேயே பந்தி போட்டுவிடுவான்! அதனால் அந்தச் சீட்டைச் சுற்றி மடித்து, பத்திரமாகப் பிடித்துக்கொண்டு போக ஒரு கூட்டம் இருக்கிறது. ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் என்று அவற்றைச் சொல்கிறார்கள். சீட்டிலேயே எழுதியிருக்கும் முகவரியைப் படிப்பது அவற்றின் வேலை. விஞ்ஞானிகள் அந்த முகவரிக்கு வைத்திருக்கும் பெயரே 'பின்கோடு' என்ற அர்த்தத்தில்தான் இருக்கிறது! வழியில் சீட்டைப் பிரிக்க விடாமல் காப்பது, நரம்பு முனையில் போய்ச் சேர்ந்ததும் தேவைப்படும் நேரத்தில் பிரித்துக் கொடுப்பது எல்லாம் அவற்றின் பொறுப்பு.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2020ல் அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வுக்கூடத்தார் ஒன்றைக் கண்டார்கள். கணவாய் தன் நரம்பு இழைக்குள்ளேயே அந்தச் சீட்டில் எழுத்துத் திருத்தமும் செய்கிறது! 'உப்பு இரண்டு கரண்டி' என்று வந்த சீட்டைப் போன இடத்திலேயே 'ஒன்றரைக் கரண்டி' என்று திருத்திக்கொள்கிற மாதிரி. சமையல்காரரிடம் எவ்வளவு பெரிய நம்பிக்கை பாருங்கள்!

பொட்டலம் பிரியாமல் போனால்...

'இதெல்லாம் மீனுக்கு. நமக்கென்ன?' என்று எழுந்து போய்விடாதீர்கள். நம் நரம்பிலும் சீட்டு, பொட்டலம், கோடி அடுப்பு எல்லாம் இருக்கிறது. அந்தப் பொட்டலக்காரர்கள் கெட்டுப்போனால் வரும் நோய்கள் பயங்கரமானவை.

இயங்கு நரம்பு நோய் என்று ஒன்று. ஸ்டீபன் ஹாக்கிங் என்ற விஞ்ஞானியைச் சக்கர நாற்காலியில் பார்த்திருப்பீர்களே, அவருக்கு 21 வயதில் கண்டறியப்பட்ட நோய். கை, கால், நாக்கு, தொண்டை என்று தசைகள் மெலிந்து செயலிழக்கும். இந்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருடைய நரம்பு செல்களில் ஒரு புரதம் இடம் மாறி, கட்டி கட்டியாகச் சேர்ந்து கிடப்பதை 2006ல் கண்டார்கள். டி.டி.பி.-43 என்று பெயர். அது யார் தெரியுமா? ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் புரதங்களில் ஒன்று! 2021ல் டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். நரம்பும் தசையும் சேரும் முனையிலேயே இந்தக் கட்டிகள் சேர்ந்து, அங்கே நடக்க வேண்டிய புரதச் சமையலைத் தடுப்பதைக் காட்டினார்கள். கணவாயில் ஆரம்பித்த கேள்வி எங்கே வந்து நிற்கிறது பார்த்தீர்களா?

பச்சைக் குழந்தைகளுக்கு வரும் தண்டுவடத் தசைச் சிதைவு நோய்க்கு '16 கோடி ரூபாய் ஊசி' என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அந்தக் குழந்தைகளுக்குக் குறைவாக இருப்பது, ஆர்.என்.ஏ.வையும் புரதங்களையும் பொட்டலமாகச் சேர்த்துக் கட்ட உதவும் ஒரு புரதம். அதற்கான மரபணுவை 1995ல் கண்டுபிடித்தார்கள். 2016லிருந்து மருந்துகள் வரத் தொடங்கின. பரம்பரையாக வரும் அறிவு வளர்ச்சிக் குறைவில் ஒரு முக்கிய வகைக்கும் காரணம் இப்படிப்பட்ட ஒரு பொட்டலக்காரர் இல்லாமல் போவதுதான்.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1970ல் சென்னையைச் சேர்ந்த மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி என்ற மூன்று டாக்டர்கள், இளவயதுக்காரர்களுக்கு வரும் ஒரு தனி வகை இயங்கு நரம்பு நோயை விவரித்து எழுதினார்கள். கை கால் மெலிவதோடு முகத் தசை, விழுங்கும் தசை பலவீனமாகும். காதும் கேட்காமல் போகும். ஆனால் மெதுவாகத்தான் நகரும். உலக மருத்துவ நூல்களில் அது 'மெட்ராஸ்' என்ற பெயரோடுதான் இருக்கிறது. அந்த மூவரும் 'எல்லாம் நரம்புத் தளர்ச்சி' என்று பொதுவாக எழுதிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டிருந்தால் அந்த நோய்க்குப் பெயரே கிடைத்திருக்காது. உற்றுப் பார்த்தார்கள், பிரித்துப் பார்த்தார்கள். வைத்தியம் அங்கே ஆரம்பிக்கிறது.

48 நாள் கணக்கு

இப்போது சுவரொட்டிக்கு வருவோம்.

அடிபட்டு அறுந்த நரம்பு இழை மீண்டும் வளர வாய்ப்புக் கிடைத்தால் அது வளரும் வேகம் நாளுக்குச் சுமார் ஒரு மில்லி மீட்டர். ஒரு மண்டலம் என்பது 48 நாள். எவ்வளவு வளரும்? 48 மில்லி மீட்டர். ஐந்து சென்டி மீட்டர்கூட இல்லை! உங்கள் சுண்டு விரல் நீளம். முழங்காலில் சேதமான நரம்பு பாதத்துக்கு வந்து சேரவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். இதில் 48 நாளில் குணம் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியுமா? லேகியம் நரம்புக்கு எஞ்சின் பூட்டிவிடுமா?

எல்லா மதமதப்புக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. வைட்டமின் பி-12 குறைவால் வந்தது, ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் இன்னும் சீக்கிரம் தேறும். மணிக்கட்டில் நசுங்கும் நரம்பு, நசுக்கம் விலகினால் தேறும். அதனால்தான் எந்த நோய் என்று முதலில் தெரிய வேண்டும் என்கிறேன். பெயர் தெரியாமல் நாள் குறிப்பவர் வைத்தியரா, ஜோசியரா?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் பட்டியலில் நரம்பு மண்டல நோய்கள், நரம்புத் தளர்ச்சி, பக்கவாதம், நீரிழிவு எல்லாமே இருக்கின்றன. இவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யவே கூடாது. சுவரொட்டி அடித்தவருக்கும், கேபிள் டிவியில் பேசுகிறவருக்கும், செல்போனில் வீடியோ அனுப்புகிறவருக்கும் இது தெரியாததா? தெரியும். உங்களுக்குத் தெரியாது என்பதுதான் அவர்களுடைய முதல்!

இரண்டு கேள்விகள்

இந்த விஷயத்தை நான் பேசும்போதெல்லாம் இரண்டு கேள்வி வரும்.

"அப்போ கணவாய் மீனை நிறையச் சாப்பிட்டா நரம்பு பலமாகுமா?"

ஆகாது, அம்மா. எந்தப் புரதத்தைச் சாப்பிட்டாலும் குடல் அதை உதிரி உதிரியாக உடைத்துத்தான் உள்ளே விடும். கணவாயின் நரம்புப் புரதம் நேரே உங்கள் காலுக்குப் போய் உட்காராது. ருசிக்காகச் சாப்பிடுங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் தொடாதீர்கள்.

இரண்டாவது கேள்வி என் தொழில்காரர்களிடமிருந்தே வரும். "இதைத்தானே சித்தர்கள் அன்றே சொன்னார்கள்?"

சொல்லவில்லை. ஆர்.என்.ஏ.வைப் பற்றிச் சித்தர்கள் சொல்லவில்லை. அவர்கள் நாடி பிடித்தார்கள், மூலிகை கண்டார்கள், உடம்பைப் பார்த்துப் பார்த்து எழுதிவைத்தார்கள். அந்தப் பெருமை போதாதா? அடுத்தவன் கண்டுபிடித்ததை எல்லாம் தாத்தா பெயரில் பட்டா மாற்றினால் தாத்தாவுக்குத்தான் அவமானம். அதைவிட ஆபத்து ஒன்று உண்டு. நாளைக்கே 'ஆர்.என்.ஏ. லேகியம்' என்று ஒருவர் டப்பா போடுவார். இந்தக் கட்டுரையைக் காட்டி யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

நரம்பின் கோடி முனைதான் முதலில் தவிக்கும் என்பதைக் கணவாய் சொல்லிக்கொடுத்ததல்லவா? சர்க்கரை நோயிலும் பாருங்கள். மிக நீளமான நரம்புக்குத்தான் முதல் அடி. அதனால் மதமதப்பு கால் விரலில் ஆரம்பித்து, சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறும். முழங்கால் அருகே வரும்போதுதான் கைவிரலில் தெரிய ஆரம்பிக்கும். நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை என்று 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு சொல்கிறது. உங்கள் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கால் மதமதத்தால் முதலில் சர்க்கரை, பி-12, தைராய்டு மூன்றையும் பரிசோதியுங்கள். மெட்பார்மின் மாத்திரையைப் பல வருஷமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி-12 குறையலாம். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் கேளுங்கள். சுத்த சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் பி-12 குறைய வாய்ப்பு உண்டு. தினமும் குடிக்கிறவருக்குக் குடியே நரம்பைத் தின்னும். உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் தொழுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளக் கூச்சப்படாதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும்.

மரத்துப்போன காலுக்குச் சுடுதண்ணீர், செங்கல் ஒத்தடம் கூடவே கூடாது. இதைச் சித்த வைத்தியனான நான் சொல்கிறேன். சூடு தெரியாத காலில் கொப்புளம் வரும். கொப்புளம் புண்ணாகும். புண் விரலைக் கேட்கும். தினமும் ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். பெரியவருக்குக் குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும். வெறுங்காலோடு வயலுக்கும் கோயில் பிராகாரத்துக்கும் போக வேண்டாம். உச்சி வெயிலில் கல் சுடுவது அந்தக் காலுக்குத் தெரியாது.

ஒரு பக்கக் கை கால் திடீரென்று விழுந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ யாரிடமும் தைலம் கேட்காதீர்கள். அது மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டதன் அறிகுறி. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. கால்கள் விறுவிறுவென்று பலமிழந்து, ஒன்றிரண்டு நாளில் அது மேலே ஏறினாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிதான். மூச்சுத் தசையைப் பிடித்துவிட்டால் ஆபத்து. தசை மெலிந்து, துடித்து, விழுங்கக் கஷ்டமானால் நரம்பியல் நிபுணரைப் பாருங்கள்.

மருந்து எங்கே வாங்கினாலும் டப்பாவில் உரிம எண், தயாரித்த தேதி, தொகுதி எண் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரில்லாத பொட்டலத்துப் பொடியை வாங்காதீர்கள். பக்குவமாகச் செய்யாத பற்பம், செந்தூரத்தில் ஈயமோ பாஷாணமோ தங்கியிருந்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும். கால் மதமதப்புக்குச் சாப்பிட்டதே கால் மதமதப்பைக் கொடுத்தால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?

'அப்படியானால் சித்த மருத்துவத்துக்கு வேலையே இல்லையா?' இருக்கிறது. நோயின் பெயர் தெரிந்து, அவசர சிகிச்சை முடிந்து, சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு வலி குறைய, தூக்கம் வர, உணவை ஒழுங்குபடுத்த, பக்குவமான எண்ணெய்த் தொக்கணத்தால் தசை இறுகாமல் காக்க நாங்கள் உதவலாம். பக்கத்தில் உட்கார்ந்து 'மெதுவாகத்தான் தேறும், பயப்படாதீங்க' என்று பொறுமையாகச் சொல்லலாம். இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் வேலை மட்டும் எங்களுடையதல்ல.

என் தொழில்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நோயாளி 'நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லிக்கொண்டு வரலாம். அது அவருடைய பாஷை. அவர் திரும்பிப் போகும்போது அவர் கையில் இருக்கும் சீட்டில் அந்தச் சொல் இருக்கக் கூடாது. சர்க்கரையா, பி-12 குறைவா, மணிக்கட்டு நசுக்கமா, நமக்குப் புரியாத வேறு ஒன்றா என்று எழுதிக் கொடுங்கள். புரியாவிட்டால் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ அனுப்புங்கள். அனுப்புவதால் நம் பெயர் கெட்டுப்போகாது.

இல்லத்தரசிகளுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை '48 நாள்' நோட்டீஸ் கையில் கிடைத்தால் ஒரு ஸ்கேல் எடுத்து 48 மில்லி மீட்டர் அளந்து பாருங்கள். பிறகு உங்கள் வீட்டுக்காரருடைய முதுகிலிருந்து பாதம் வரை அளந்து பாருங்கள். வாங்கலாமா வேண்டாமா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்!